விளக்கு மலையில் ஒரு மாலைப் பொழுது

உலு சிலாங்கூர் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்த விளக்குகளைத் தெரியாமல் இருக்காது. விடியற்காலை பெரட்டுக்குப் புறப்படும் நேரம். தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு லயத்து வாசலில் இறங்கினால், தூரத்தில் மலை முகட்டின் மேல் நட்சத்திரங்கள் கொத்தாக இறங்கி உட்கார்ந்ததுபோல் ஒரு வெளிச்சம் தெரியும். மேகம் மூடினால் மறையும், விலகினால் மின்னும். நம் தகப்பனார் காண்டா வாளியைத் தோளில் மாற்றிக்கொண்டே சொல்வார்: "அதோ பாரு, கெந்திங். அவுங்க இன்னும் தூங்கப் போகல. நாம எந்திரிச்சுட்டோம்."

தோட்டப் பள்ளியில் படித்த காலத்தில் நமக்கு அது 'விளக்கு மலை'. அங்கே யார் இருக்கிறார்கள், என்ன விற்கிறார்கள், யார் விளக்கை ஏற்றுகிறார்கள் என்று நாம் கேட்டதில்லை. நமக்கு நாற்பது வயது தாண்டிய பிறகு, சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலைதான், முப்பத்தெட்டுப் பேரோடு ஒரு பஸ்ஸில் அங்கே போய்ச் சேர்ந்தோம்.

முப்பத்தெட்டுப் பேரும் ஒரே தோட்டத்தைச் சேர்ந்தவர்கள். தோட்டத்தின் பெயர் வேண்டாம். பேச்சு வார்த்தை நடந்துகொண்டிருக்கிறது. நிலம் கைமாறிவிட்டது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. இப்போது செம்பனையும் போய் மாடி வீடுகள் வரப் போகின்றன. மிச்சமிருக்கும் இருபத்தேழு குடும்பங்களுக்கு நோட்டீசு கொடுத்தாகிவிட்டது. கிளைச் சங்கம் என்ற பெயரில் ஒன்றாகப் போய்வரும் கடைசிப் பயணம் இதுவாகத்தான் இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். யாரும் வாய் திறந்து சொல்லவில்லை.

"கோயிலுக்குப் போகலாமா, கடலுக்குப் போகலாமா?" என்று கூட்டத்தில் கேட்டோம். எழுபது வயதைத் தொட்ட ஒரு பெரியவர் எழுந்தார். "அம்பது வருசமா கீழ நின்னு மேல பாத்தாச்சு தம்பி. ஒரு தடவ மேல நின்னு கீழ பாக்கணும்" என்றார். அதற்குமேல் வாக்கெடுப்பு வேண்டியிருக்கவில்லை. சங்கச் சந்தாவில் ஒரு காசு தொடவில்லை. ஆளுக்கு ஆள் கைக்காசு போட்டுத்தான் பஸ் பிடித்தோம்.

மேகத்துக்குள் ஒரு கடைத்தெரு

மலையின் கதையை முதலில் சொல்லிவிடுவோம். சீனாவின் புக்கியன் மாநிலத்திலிருந்து 1937இல் மலாயாவுக்கு வந்து, தச்சு வேலையில் தொடங்கிக் குத்தகைக்காரராக உயர்ந்தவர் லிம் கோ தோங். 1964இல் கேமரன் மலையில் நீர்மின் திட்ட வேலையை அவர் எடுத்துச் செய்துகொண்டிருந்தபோது, தலைநகருக்குப் பக்கத்திலேயே இப்படி ஒரு குளிர்மலை இருந்தால் என்ன என்ற எண்ணம் தோன்றியதாம். 1965இல் கம்பெனி அமைத்துக் காட்டை வெட்டிப் பாதை போட ஆரம்பித்தார். 1969இல் துங்கு அப்துல் ரஹ்மான் அடிக்கல் நாட்டினார். 1971இல் முதல் ஓட்டல் திறந்தது. கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 6,000 அடி. நாட்டில் சட்டப்படி சூதாட்ட விடுதி நடத்த அனுமதி பெற்ற ஒரே இடமும் அதுதான்.

இன்று சூதாட்டம் மட்டுமே அந்த மலை என்று சொல்ல முடியாது. பிள்ளை குட்டிகளோடு போகிறவர்களுக்கென்று வேறொரு ஊரையே அங்கே எழுப்பியிருக்கிறார்கள். மலை இடுப்பிலுள்ள அவானா நிலையத்திலிருந்து 2016 கடைசியில் ஓடத் தொடங்கிய கேபிள் கார், 2.8 கிலோமீட்டர் தூரத்தைப் பத்து நிமிடத்தில் ஏறி, கடைத்தெருவின் வயிற்றுக்குள்ளேயே கொண்டுபோய் இறக்கிவிடுகிறது. அந்தக் கடைத்தெருவுக்கு 'ஸ்கை அவென்யூ' என்று பெயர். வெளியே, பழைய பொழுதுபோக்குப் பூங்காவை 2013இல் மூடிவிட்டு, 2022 பிப்ரவரியில் 'ஸ்கைவேர்ல்ட்ஸ்' என்ற புதிய பூங்காவைத் திறந்தார்கள். பூங்காவுக்குள் போக டிக்கெட்டு வேண்டும். கடைத்தெருவில் நடக்க வேண்டாம். நம் கூட்டம் எதைத் தேர்ந்தெடுத்திருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும்!

கேபிள் காரில் ஏறியதும் பெண்கள் சிலர் கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டார்கள். பாதி வழியில் சின் சுவீ சீனர் கோயிலின் கோபுரம் கீழே தெரிந்தது. எல்லாரும் அதற்கும் ஒரு கும்பிடு போட்டார்கள். பிறகு பஞ்சுமூட்டைக்குள் புகுந்ததுபோல் மேகத்துக்குள் நுழைந்தோம். மேலே பார்க்க வேண்டும், கீழே பார்க்க வேண்டும் என்று வந்த பெரியவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. "என்ன தம்பி, வெள்ளையடிச்ச மாதிரி இருக்கு" என்று ஏமாற்றத்தோடு கேட்டார். திரும்பும்போது பார்க்கலாம் என்று சமாதானம் சொன்னோம்.

உள்ளே காலை வைத்ததும் கூட்டம் கொஞ்ச நேரம் வாயடைத்து நின்றது. மாடிக்கு மாடி கடைகள். கண்ணாடிக்குப் பின்னால் கைக்கடிகாரம், காலணி, கைப்பை. நடுக் கூடத்தில் கூரையிலிருந்து நூற்றுக்கணக்கான விளக்கு உருண்டைகள் கம்பிகளில் தொங்கி, பாட்டுக்குத் தகுந்தபடி ஏறியும் இறங்கியும் அலைபோல் ஆடின. எட்டு வயதுப் பையன் ஒருவன் அதன் கீழே மல்லாந்து படுத்தே விட்டான். காவலர் வந்து சிரித்துக்கொண்டே எழுப்பிவிட்டார். 7,351 அறைகள் உள்ள ஓட்டல் பக்கத்தில் இருக்கிறது, அறை எண்ணிக்கையில் உலகத்திலேயே பெரியது என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது என்று நாம் சொன்னபோது, ஒரு அக்காள் கேட்ட கேள்வி: "அத்தன ரூமுக்கும் யாரு தம்பி பாய் தட்டிப் போடுறது?"

நல்ல கேள்வி. அந்தக் கேள்வியோடுதான் நாம் அந்த மாலை முழுவதும் நடந்தோம்.

சூதாட்ட விடுதியைப் பற்றி ஒரு வார்த்தை. பஸ்ஸிலேயே கண்டிப்பாகச் சொல்லியிருந்தோம்: நோட்டீசுப் பணம், சேமநிதிப் பணம் பற்றிய பேச்சு ஓடுகிற நேரம் இது, அந்த வாசல் பக்கம் யாரும் போகக் கூடாது. நம் பெண்கள் நம்மைவிடக் கெட்டிக்காரிகள். ஏறும் முன்பே ஆண்களின் பணப்பைகளை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்கள். "எட்டிப் பாத்துட்டு வந்துர்றேன்" என்று கிளம்பிய ஒருவரிடம் அவர் மனைவி பத்து வெள்ளியைக் கொடுத்து, "இதுல எவ்வளவு பாக்க முடியுமோ பாத்துட்டு வாங்க" என்றார். மனிதர் போகவில்லை!

ஒரு தட்டுச் சோறு, நாலு மணி நேரம்

ஆறரை மணிக்குப் பசி எடுத்தது. கையில் கட்டுச் சோறு இருந்தாலும், வந்தது வந்தோம், ஒரு கடையில் உட்கார்ந்து சாப்பிடுவோம் என்று பத்துப் பேர் போனோம். சோறும் கோழியும் ஒரு பானமும் சேர்த்து ஆளுக்கு முப்பது வெள்ளியைத் தாண்டியது. விலைப்பட்டியலைப் பார்த்ததும் நம்மவர்கள் செய்யும் கணக்கு உங்களுக்குத் தெரியும். எல்லாவற்றையும் வேலையாக மாற்றித்தான் பார்ப்பார்கள். இன்றைய குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. மணிக்கு 8 வெள்ளி 72 காசு. ஒரு தட்டுச் சோறு ஏறக்குறைய நாலு மணி நேர உழைப்பு! உதிரிப் பழம் பொறுக்கும் ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "காலையில பெரட்டுல இருந்து பத்து மணி வரைக்கும் குனிஞ்சு பொறுக்குனத ஒரே வாயில போட்டுட்டேன்."

பில் வந்தது. அதில் சாப்பாட்டு விலைக்குக் கீழே இரண்டு வரி. ஒன்று 6 விழுக்காட்டுச் சேவை வரி. அது அரசாங்கத்துக்குப் போவது. மற்றொன்று 10 விழுக்காட்டுச் சேவைக் கட்டணம். அது கடை வசூலிப்பது. தோழர்களே, இந்த இரண்டும் ஒன்றல்ல. இந்த இரண்டாவது வரிக்குப் பின்னால் நம் பிள்ளைகளின் கதை இருக்கிறது. சற்று நேரத்தில் சொல்கிறோம்.

ஏனென்றால், தட்டு எடுத்து வைத்த பையன்கள், மேசை துடைத்த பெண்கள், தரை துடைத்த அம்மாள் யாரையும் நாம் அந்நியமாகப் பார்க்க முடியவில்லை. வங்காளதேசத்துத் தம்பிகள் இருந்தார்கள், நேப்பாளத்தார் இருந்தார்கள், சபா சரவாக்கிலிருந்து வந்த பிள்ளைகள் இருந்தார்கள். நடுவில் ஒரு பையன், "அண்ணே, நீங்க எந்தத் தோட்டம்?" என்று தமிழில் கேட்டான். அவன் தகப்பனார் பகாங்கில் பால் வெட்டியவராம். தோட்டம் போன இடங்களிலிருந்து பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று நாம் கூட்டங்களில் கேட்பதுண்டு. ஒரு பகுதி இங்கே இருக்கிறது, தோழர்களே. கழுத்துப்பட்டை கட்டி, பெயர்ச்சீட்டுக் குத்தி, மூன்று மொழிகளில் "வாங்க" என்று சொல்லிக்கொண்டு நிற்கிறது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. இந்த மலைக் குழுமமே 1980இல் ரப்பர் தோட்டங்களை வாங்கித் தோட்டத் தொழிலில் இறங்கியது. ஏசியாட்டிக் என்று அன்று பெயர். 2009இலிருந்து கெந்திங் பிளாண்டேஷன்ஸ். கேபிள் கார் புறப்படும் இடத்துக்குப் பக்கத்தில் 2017இல் திறந்த மலிவு விலைப் பேர்பெற்ற கடைகளின் கூடம், அந்தத் தோட்டக் கம்பெனியும் அமெரிக்காவின் சைமன் நிறுவனமும் கூட்டாக நடத்துவது. நம் பயணக்காரர்களின் தோட்டம் இந்தக் குழுமத்தைச் சேர்ந்ததல்ல. ஆனாலும் பாடம் எல்லாருக்கும் ஒன்றுதான். முதலுக்குக் கால் உண்டு; செம்பனையிலிருந்து கடைத்தெருவுக்கு அது நடந்து போய்விடும். தோட்டம் போனால் லயத்து வீடும் போகிறவன் எங்கே நடப்பான்?

அரை மணி நேரச் சந்திப்பு

இப்போது நாம் எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறோம்.

நம்மோடு வந்தவர்களில் ஒரு தாயார். வயது ஐம்பத்தாறு. கணவர் இல்லை. முப்பத்தோரு வருஷம் ஒரே தோட்டத்தில் உழைத்தவர். முதலில் பால்வெட்டு, பிறகு செம்பனைக்கு உரம் போடுவது, உதிரிப் பழம் பொறுக்குவது. ஒரே மகள். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்து, எஸ்.பி.எம். முடித்து, உணவகத் தொழிலில் ஒரு சான்றிதழும் வாங்கி, மூன்று வருஷமாக இந்த மலைக் கடைத்தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறாள். கடையின் பெயர் வேண்டாம்.

பஸ் ஏறும்போதே அந்த அக்காவின் கையில் ஒரு பெரிய பை. தூக்கிப் பார்த்தோம், கனத்தது. "ஒரு சாயந்தரத்துக்கு இவ்வளவு எதுக்குக்கா?" என்று கேட்டோம். "குளுருக்குத் தம்பி" என்றார். கேபிள் காரிலும் அதை மடியில் வைத்துக்கொண்டே வந்தார்.

மகளுக்கு எட்டு மணிக்குத்தான் அரை மணி நேர ஓய்வு. எட்டாகும்வரை அந்தத் தாயார் கடைக்கு எதிரே, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து மகள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மற்றவர்கள் விளக்காட்டம் பார்க்கக் கூப்பிட்டும் போகவில்லை. மகள் ஒரு கையில் மூன்று தட்டு ஏந்தி வருவதைக் காட்டி, "பாருங்க தம்பி, கீழ போடாம எப்புடிக் கொண்டு போறா" என்றார். காண்டாக் கம்பில் இரண்டு வாளி பால் சிந்தாமல் மேடு இறங்கியவர் சொன்ன பாராட்டு அது.

எட்டு மணிக்கு மகள் ஓடி வந்தாள். தாயார் தூக்குச் சட்டியைத் திறந்தார்: புளிச் சோறு, கருவாட்டுச் சம்பல், முட்டை. பெஞ்சிலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். நாம் தள்ளி நின்றோம். தாயார்தான் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"தங்குற எடம் எப்புடிம்மா?" என்று கேட்டார்.

"நல்லாருக்கும்மா. சுத்தமா இருக்கு. சுடுதண்ணி வருது."

"சன்னல் இருக்கா?"

"இருக்கு. தொறந்தா மேகம் உள்ள வரும்" என்று சிரித்தாள்.

"எத்தன பேரு?"

"ஆறு பேரும்மா. ரெட்டைக் கட்டிலு. கீழ் கட்டிலு எனக்கு."

தாயார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, மிகவும் சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டார்: "விருந்தாளி வந்தா எங்க படுப்பாங்க?"

மகள் சாப்பிடுவதை நிறுத்தினாள். தாயின் முகத்தைப் பார்த்தாள்; காலடியில் இருந்த பையைப் பார்த்தாள். நமக்கும் அப்போதுதான் புரிந்தது. பைக்குள் இருந்தது ஒரு போர்வை, இரண்டு சேலை, மடித்து வைத்த ஒரு சாமி படம். நோட்டீசு வந்ததிலிருந்து அந்த மனுஷி மனசுக்குள் ஒரு முடிவு பண்ணி வைத்திருந்தார்: பிள்ளை இருக்கும் இடம் நமக்கும் இடம்.

"வெளி ஆளு உள்ள வர முடியாதும்மா. எனக்கே வேலை இருக்கற வரைக்கும்தான். வேலைய விட்டா கட்டிலையும் விட்டுரணும்" என்றாள் மகள். அவள் குரல் உடைந்துவிட்டது.

"அட, நான் சும்மா கேட்டேன். சாப்புடு, நேரமாகுது" என்றார் தாயார். முட்டையை எடுத்து மகளின் சோற்றில் வைத்தார்.

வேலையை விட்டால் கட்டிலையும் விட வேண்டும். தோழர்களே, இந்தப் பேச்சை நாம் எங்கே கேட்டிருக்கிறோம்? நம் தாத்தா கேட்டார், தகப்பன் கேட்டார். வேலை இருக்கும்வரை லயத்து வீடு. வேலை போனால் வீடும் போகும். தோட்டத் தொழிலாளிக்குச் சொந்த வீடு என்று 1970களிலிருந்தே பேசி வருகிறோம். சில இடங்களில் போராடிக் கிடைத்தது. பல இடங்களில் காகிதத்தோடு நின்றது. தாயார் வீடு இழக்கும் அதே மாதத்தில், மகள் ஆறாயிரம் அடி உயரத்தில், சுத்தமான அறையில், சுடுதண்ணீரோடு, அதே லயத்தில்தான் இருக்கிறாள். லயத்திலாவது தாயும் மகளும் ஒரே கூரைக்குக் கீழ் இருந்தார்கள்.

இதில் அந்த மகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கடைக்காரரையும் நாம் இங்கே கூண்டில் ஏற்றவில்லை; தங்க இடம் கொடுத்திருக்கிறார், ஒழுங்காக வைத்திருக்கிறார். ஆனால் கட்டில் வேறு, வீடு வேறு. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று சொன்னவர்கள் சும்மா சொல்லவில்லை.

அவளுக்குத் தெரியாதவை

மிச்சமிருந்த பத்து நிமிடத்தில் அந்தப் பெண்ணிடம் சில கேள்விகள் கேட்டோம். சங்கத்தில் இருக்கிறாயா? இல்லை. வேலைக் கடிதம் வைத்திருக்கிறாயா? எங்கேயோ இருக்கிறது. சம்பளச் சீட்டு? போனில் வரும், பார்ப்பதில்லை. தோட்டத்தில் கூட்டம் போட்டு வளர்த்த குடும்பத்துப் பிள்ளை இது! அதனால் அவளிடம் சொன்னதை இங்கேயும் எழுதுகிறோம். உங்கள் வீட்டிலும் ஓட்டலில், கடைத்தெருவில், பூங்காவில் வேலை செய்யும் பிள்ளை இருக்கலாம். வாசித்துக் காட்டுங்கள்.

முதலாவது, தங்குமிடம். தோட்ட லயங்களுக்காக 1990இல் ஒரு சட்டம் வந்தது. 446ஆவது சட்டம் என்று நம் கூட்டங்களில் அடிக்கடி சொல்வோம். அது 2019இல் திருத்தப்பட்டு, 2020 ஜூன் முதல் தேதியிலிருந்து எல்லாத் துறைகளிலும் முதலாளி கொடுக்கும் தங்குமிடத்துக்கும் பொருந்துகிறது. தொழிலாளர் இலாகாவின் சான்றிதழ் வேண்டும். கட்டில், மெத்தை, தலையணை, போர்வை, பூட்டக்கூடிய அலமாரி இவையெல்லாம் தயவு அல்ல, சட்டம். லயத்துக்கென்று எழுதிய சட்டம் இன்று அந்த மலைமேல் அவள் கட்டிலுக்கும் காவலாக நிற்கிறது. அவளுக்கு அது தெரியாது.

இரண்டாவது, வேலை நேரம். 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து வாரத்துக்கு 48 மணி என்பது 45 மணியாகக் குறைந்திருக்கிறது. அதற்குமேல் செய்தால் கூடுதல் நேரச் சம்பளம். வழக்கமான நாளில் ஒன்றரை மடங்கு. பேறுகால விடுமுறை 60 நாளிலிருந்து 98 நாளாகியிருக்கிறது.

மூன்றாவது, அந்த 10 விழுக்காடு. சங்க ஒப்பந்தம் உள்ள ஓட்டல்களில் சேவைக் கட்டணத்தைப் புள்ளிக் கணக்கில் தொழிலாளர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் வழக்கம் நெடுநாளாக உண்டு. குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்த பிறகு, அந்தப் பணத்தையே சம்பளத்தில் சேர்த்துக் கணக்குக் காட்டலாமா என்று வழக்கு நடந்தது. ஓட்டல் தொழிலாளர் சங்கம் விடாமல் போராடியது. 2021இல் கூட்டரசு நீதிமன்றம், அப்படிச் சேர்க்க முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. ஆகவே, வாடிக்கையாளர் கொடுக்கும் பத்து விழுக்காடு எங்கே போகிறது என்று வேலைக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது? பார்க்க வேண்டும். பார்க்கத் தெரியாவிட்டால் சங்கத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

நான்காவது, தீபாவளி. "போன தடவயும் வர முடியல மாமா. அன்னிக்குத்தான் கூட்டம் அதிகம்" என்றாள். சட்டம் வருஷத்துக்குப் பதினோரு பொது விடுமுறை தருகிறது. அதில் ஐந்து நாள் மாற்ற முடியாதவை. தீபாவளி அந்த ஐந்தில் இல்லை. ஆனால் விடுமுறையாக அறிவித்த நாளில் வேலை வாங்கினால், விடுமுறைச் சம்பளத்துக்கு மேல் இரண்டு நாள் சம்பளம் கொடுக்க வேண்டும். அதைச் சீட்டில் பார்த்தாயா என்று கேட்டோம். தலையைக் குனிந்துகொண்டாள். நமக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. தோட்டத்தை விட்டுப் போன பிள்ளைகளைத் தேடிச் சங்கம் போகவில்லையே! பெரட்டுக் களத்தில் நின்றால் எல்லாரையும் பார்த்துவிடலாம் என்ற பழைய பழக்கத்திலேயே நாம் இருந்துவிட்டோம்.

எட்டரை ஆனது. அவள் கையைக் கழுவிக்கொண்டு, தாயைக் கட்டிப் பிடித்துவிட்டு, திரும்பிப் பார்த்துக்கொண்டே உள்ளே போனாள். ஒரு நிமிடத்தில் மறுபடியும் சிரித்த முகத்தோடு, கையில் மூன்று தட்டு.

கீழே பார்த்தபோது

இரவு இறங்கும்போது மேகம் விலகியிருந்தது. பெரியவர் கண்ணாடியோடு முகத்தை ஒட்டிக்கொண்டார். மலையடிவாரத்துக்கு அப்பால் தூரத்தில் ஊர் விளக்குகள் சிதறிக் கிடந்தன. "நம்ம தோட்டம் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். தோராயமாக ஒரு பக்கம் காட்டினோம். அங்கே ஒன்றுமில்லை, இருட்டு. "அங்க வெளக்கு இல்ல, அதான் தெரியல" என்றார். அடுத்த வருஷம் அங்கேயும் விளக்கு வரும், நம்முடையதாக இருக்காது என்பதை அவரிடம் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அவரே சொன்னார்: "வீடு கட்டுனா நல்லாத் தெரியும்."

அந்தத் தாயார் பையை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தார். "தம்பி, நாளைக்குக் கூட்டம் உண்டுல்ல? நானும் பேசணும்" என்றார். முப்பத்தோரு வருஷத்தில் அவர் கூட்டத்தில் எழுந்து பேசியதில்லை.

மறுநாள் பேசினார். நீளமாக ஒன்றுமில்லை. "பணத்தக் கொடுத்துட்டுப் போகச் சொல்றாங்க. பணத்துக்குள்ள போயி படுக்க முடியாது. எனக்கு வீடு வேணும். நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார். இரண்டு வாரமாக, "வந்ததை வாங்கிக்கொண்டு போவோம்" என்று சொல்லிக்கொண்டிருந்த ஒன்பது குடும்பங்கள் அன்று கையெழுத்தை நிறுத்தி வைத்தன. இப்போது இருபத்தேழு குடும்பமும் ஒரே கடிதத்தில் கேட்கிறோம்: சட்டப்படியான தொகை ஒரு பக்கம், குடியிருக்க மாற்று வீடு ஒரு பக்கம், வீடு கிடைக்கும்வரை லயத்தில் இருக்க எழுத்து மூலமான அனுமதி. பதில் இன்னும் வரவில்லை.

இதே நிலையில் இருக்கும் மற்றத் தோட்டத்தாரும் கவனியுங்கள். ஐந்து வருஷமோ அதற்குமேலோ உழைத்தவருக்கு எட்டு வார நோட்டீசு உண்டு. 1980ஆம் ஆண்டு விதிகளின்படி, அப்படிப்பட்டவருக்கு வருஷத்துக்கு இருபது நாள் சம்பளம் பணிநீக்க உதவித்தொகை. இரண்டு வருஷத்துக்கு மேல் ஐந்துக்குள் என்றால் பதினைந்து நாள். இரண்டுக்குள் என்றால் பத்து நாள். முப்பத்தோரு வருஷம் உழைத்த அந்தத் தாயாருக்கு 620 நாள் சம்பளம். வேலை முடிந்த ஏழு நாளுக்குள் அது கைக்கு வந்தாக வேண்டும். இது சட்டம் போட்ட அடிமட்டம். இதைக் கொடுத்துவிட்டு, "வீட்டுக்கும் சேர்த்துத்தான் கொடுத்தோம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வாசிக்காமல், சங்கத்தைக் கேட்காமல் எந்தக் காகிதத்திலும் கையெழுத்தோ கைரேகையோ வைக்காதீர்கள்.

போன செவ்வாய்க்கிழமை, ஓய்வு நாளன்று, மகள் மலையிலிருந்து இறங்கி வந்தாள். கையில் வேலைக் கடிதம், ஆறு மாதச் சம்பளச் சீட்டு, சேமநிதிக் கணக்கு. மூன்றையும் லயத்துத் திண்ணையில் விரித்து உட்கார்ந்தோம். வீடு வாங்கச் சேமநிதியிலிருந்து பணம் எடுக்க வழி உண்டு. தாயின் தொகையும் மகளின் சேமிப்பும் சேர்ந்தால் ஒரு சிறிய மலிவு வீட்டுக்கு முன்பணம் தேறுமா என்று கணக்குப் போட்டோம். இன்னும் கொஞ்சம் துண்டு விழுகிறது. அந்தத் துண்டைத்தான் நிர்வாகத்திடம் பேச வேண்டியிருக்கிறது. தாயார் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். சாமி படம் மறுபடியும் பழைய ஆணியில் ஏறியிருந்தது.

மலைக்குப் போகாதீர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. போய் வாருங்கள். விளக்காட்டம் பாருங்கள், பிள்ளைகளைச் சிரிக்க விடுங்கள். தட்டு எடுக்க வரும் பிள்ளையிடம் மட்டும் ஒரு வார்த்தை கேளுங்கள்: "எந்த ஊரு தம்பி? சம்பளச் சீட்டுப் பாக்குறியா?" அவன் பெயரையும் வேலையிடத்தையும், அவன் சம்மதித்தால், உங்கள் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள்.

இந்த இருபத்தேழு குடும்பங்களின் கடிதத்துக்கு என்ன பதில் வருகிறது என்பதை இதே பகுதியில் எழுதுவோம்.